அவசரத்துக்கென ஒரு டிக்கெட் அளவு மைல்

திட்டமிட்ட பயணத்துக்குப் பணம், திட்டமிடாத பயணத்துக்குப் பாயின்ட். கிரெடிட் கார்டில் சேரும் ரிவார்டு பாயின்ட்டுகளையும் விமான நிறுவனங்கள் தரும், பின்னர் டிக்கெட்டாக மாற்றக்கூடிய மைல்களையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தும் செலவழித்தும் வருகிறேன். அதில் நான் உறுதியாக நம்புவது இந்த ஒன்றைத்தான். இதைப் பற்றி எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் பெரும்பாலும் வேறு இடத்தைக் காட்டுகிறார்கள். பிசினஸ் வகுப்பில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவதே பாயின்ட்டின் உச்சப் பயன் என்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கில் பிழையில்லை. மூன்று லட்ச ரூபாய் டிக்கெட்டைப் பாயின்ட்டில் எடுத்தால் ஒரு பாயின்ட்டுக்குக் கிடைக்கும் மதிப்பு காகிதத்தில் பிரமாதமாகத்தான் தெரியும். ஆனால் அந்த மூன்று லட்சத்தை நாம் ஒருநாளும் கையிலிருந்து கொடுத்திருக்க மாட்டோம். கொடுத்திருக்காத பணத்தை எப்படி மிச்சம் என்று எழுதுவது?

நம் வீடுகளில் பயணம் வேறு விதமாக வருகிறது. பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வா என்று ஒரு போன். மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்து தேதி குறித்துவிட்டதால் அடுத்த வாரமே நிச்சயதார்த்தம். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்பது கடைசி வாரம்வரை தெரியாது. இப்படிப்பட்ட நாட்களில்தான் டிக்கெட் விலை மளமளவென்று ஏறி நிற்கும். பாயின்ட் தன் முழு வேலையைச் செய்வதும் அந்த நாட்களில்தான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். டிக்கெட்டின் ரூபாய் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட்டில் வாங்கினாலும் கட்டியே தீர வேண்டிய வரியையும் விமான நிலையக் கட்டணங்களையும் அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் பாயின்ட் எண்ணிக்கையால் வகுங்கள். ஓர் உதாரணம்: ஒரு தடத்தில் ஒருவழிப் பயணத்துக்கு 20,000 மைலும் 3,500 ரூபாய் வரியும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத மாதத்தில் அதே இருக்கை 14,000 ரூபாய்க்குக் கிடைத்தால் ஒரு மைலின் மதிப்பு ஐம்பத்திரண்டு காசுதான். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் அது 28,000 ரூபாய் ஆகிவிட்டால் அதே மைல் ஒரு ரூபாய் இருபத்திரண்டு காசு. மைல் மாறவில்லை, நாள்தான் மாறியிருக்கிறது.

இந்தக் கணக்கு எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தாது. சில நிறுவனங்கள் ரூபாய் விலையோடு சேர்த்தே பாயின்ட் விலையையும் ஏற்றுகின்றன. அங்கே பாயின்ட் என்பது தள்ளுபடிக் கூப்பன், அவ்வளவுதான். அதை எந்த நாளிலும் பயன்படுத்தலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. வேறு சில திட்டங்கள் இன்னும் பட்டியல் விலையை வைத்திருக்கின்றன, அதாவது இந்த மண்டலத்திலிருந்து அந்த மண்டலத்துக்கு இத்தனை மைல் என்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் அந்த வகை. நம் ஊர் வங்கிகள் பலவற்றின் உயர்நிலைக் கார்டுகளிலிருந்து பாயின்ட்டை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். நான் அதையே பெரிதும் வைத்திருக்கக் காரணம் அந்தப் பட்டியலும், என் அக்கா சிங்கப்பூரில் இருப்பதும்.

பெரியப்பா மதுரையில் காலமான அன்று மதியம் எனக்குத் தகவல் வந்தது. அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். சற்று நேரம் அவளால் பேச முடியவில்லை. பிறகு அத்தான் போனை வாங்கினார். “தம்பி, இன்றைக்கே கிளம்ப வேண்டுமென்றால் டிக்கெட் கேட்கிற விலையைப் பார்த்தாயா? திரும்பும் தேதியும் இப்போது சொல்ல முடியாது, காரியம் முடிந்துதான் தெரியும்” என்றார். முழுச்சேவை விமான நிறுவனங்கள் பலவற்றில் ஒருவழி டிக்கெட்டின் விலை, இருவழி டிக்கெட்டில் பாதியைவிடக் கணிசமாகக் கூடுதல். அன்றைக்கே பறக்க வேண்டுமென்றால் கேட்கவே வேண்டாம். “அத்தான், அக்காவின் பெயர் என் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. நான் பார்க்கிறேன், நீங்கள் பெட்டியை எடுத்து வையுங்கள்” என்றேன்.

கிரிஸ்ஃபிளையர் கணக்கில் நம் மைலைப் பயன்படுத்தக்கூடிய உறவினர் பட்டியல் ஒன்று உண்டு. ஐந்து பேர்வரை சேர்க்கலாம். அதில் அக்கா இருந்தாள். இரவு சென்னை விமானத்தில், குறைந்த மைல் கேட்கும் வகையில் இடமில்லை, காத்திருப்புப் பட்டியல்தான் காட்டியது. கூடுதல் மைல் கேட்கும் வகையில் இடம் திறந்திருந்தது. யோசிக்காமல் அதை எடுத்தேன். மைல் கூடுதல்தான் என்றாலும் அன்றைய ரூபாய் விலையோடு ஒப்பிட்டால் அது எங்கேயோ கீழே இருந்தது. வரிக்கு மட்டும் கார்டைத் தேய்த்தேன். சென்னையில் அவளை அழைத்துக்கொண்டு விடிவதற்குள் காரில் மதுரை போய்ச் சேர்ந்தோம். உடலை எடுப்பதற்கு முன் அவள் முகம் பார்த்துவிட்டாள். திரும்பும் டிக்கெட்டையும் பின்னர் அதே வழியில், ஒருவழியாகவே எடுத்தோம். மைல் டிக்கெட்டில் ஒருவழி என்பது இருவழியின் சரிபாதி. தேதி மாறினாலும், ரத்து செய்தாலும், குறிப்பிட்ட கட்டணத்தைக் கட்டினால் மைல் கணக்குக்குத் திரும்பிவிடும். தேதி நிச்சயமில்லாத பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பணம் வேறில்லை.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அன்று மைல் ஏற்கெனவே விமான நிறுவனக் கணக்கில் இருந்ததால்தான் அது நடந்தது. வங்கியில் பாயின்ட்டாகவே கிடந்திருந்தால் மாற்றிச் சேர்வதற்குள் சடங்குகள் முடிந்திருக்கும். சில வங்கிகளில் மாற்றம் அன்றே நடக்கிறது, சிலவற்றில் நாட்கணக்கில் ஆகிறது. எனவே, உங்கள் குடும்பம் அடிக்கடி அவசரமாகப் பறக்க நேரும் தடம் எது என்று பாருங்கள். சென்னை–சிங்கப்பூராகவோ டெல்லி–சென்னையாகவோ இருக்கலாம். அந்தத் தடத்தில் ஓர் ஆளுக்கான இருவழி மைலை மட்டும் விமான நிறுவனக் கணக்கில் வைத்திருங்கள். அஞ்சறைப் பெட்டியின் அடியில் அம்மா மடித்து வைத்திருந்த நோட்டைப் போல, அது அங்கே இருக்கிறது என்பதே பெரிய தெம்பு.

அதற்குமேல் சேர்த்து வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறையப் பேர் பாயின்ட்டை நகைபோல நினைத்து வருடக்கணக்கில் சேர்க்கிறார்கள். இதற்கு வட்டி கிடையாது. மதிப்புக் குறைப்பும் காலாவதியும் மட்டுமே உண்டு. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது அதன் மைல்களை வைத்திருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. ஆனால் அந்த மைலை எதற்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது உறுப்பினர்களின் பாயின்ட் புதிய கணக்குக்குப் போனது, விதிகளும் புதியனவாயின.

நிறுவனம் மூடித்தான் மதிப்புப் போக வேண்டும் என்பதில்லை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயின்ட் கொடுத்தால் 4 மைல் என்றிருந்த மாற்று விகிதம், 2023 செப்டம்பர் 1 முதல் சாதாரண வாடிக்கையாளருக்கு 5க்கு 2 ஆனது. ஒரே நாளில் பாதி. அப்படிக் குறைக்க வங்கிக்கு முழு உரிமை உண்டு என்று விதிமுறைகளில் எழுதப்பட்டிருந்தது. எந்தத் திட்டத்தின் விதிமுறையிலும் அது எழுதப்பட்டிருக்கும்.

ஏன் இப்படி என்பது வரலாற்றைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்தது. போட்டி முற்றியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று அட்வான்டேஜ் என்ற மைல் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறப்பவரைத் தன் பக்கமே வைத்துக்கொள்வதுதான் அன்றைய நோக்கம். பின்னர் வங்கிகள் வந்தன. விமான நிறுவனங்களிடமிருந்து மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கித் தம் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்ற 2020இல், அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. மைல் அச்சடிக்கும் வேலை எவ்வளவு லாபகரமானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அச்சடிப்பவரே மதிப்பையும் தீர்மானிக்கும் நாணயத்தை நெடுங்காலம் கையில் வைத்திருக்கக்கூடாது. அவசர டிக்கெட் அளவுக்கு மேல் சேர்ந்ததை அந்த ஆண்டிலேயே, பள்ளி விடுமுறைக்கோ பண்டிகைக்கோ செலவழித்துவிடுவது என் வழக்கம்.

எதற்குச் செலவழிக்கக்கூடாது என்பதும் முக்கியம். வங்கியின் செயலியைத் திறந்தால் முதலில் தெரிவது மிக்ஸி, குக்கர், துணிக்கடை வவுச்சர். ஒரே பாயின்ட் விமான டிக்கெட்டுக்கு ஒரு ரூபாயாகவும், பில்லில் கழித்துக்கொண்டால் 30 காசாகவும் கணக்கிடப்படும் கார்டுகள் உண்டு. தொடக்கநிலைக் கார்டுகள் பலவற்றில் எதற்குப் பயன்படுத்தினாலும் 25 காசுதான். அப்படிப்பட்ட கார்டு வைத்திருப்பவர் மைல் பக்கம் வரவே வேண்டாம், கேஷ்பேக் கொடுக்கும் கார்டுக்கு மாறிவிடுவது நல்லது. இது மரியாதைக் குறைவான யோசனை அல்ல. வருடத்துக்கு ஒருமுறைகூட விமானம் ஏறாதவருக்குப் பணமே சிறந்த பாயின்ட். இன்னொன்று: பாயின்ட்டை எடுக்கவே பல வங்கிகள் 99 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் வசூலிக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் 116 ரூபாய் 82 காசு போகும்.

சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எப்படியும் செய்யப்போகிற செலவைக் கார்டில் செய்யுங்கள், கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டுங்கள். வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகள் இப்போது பாயின்ட் தருவதில்லை. வாடகைக்குத் தனிக் கட்டணம் வேறு. முழுத் தொகை கட்ட முடியாத மாதம் ஒன்று வந்தால் அந்த மாதத்திலிருந்து இந்தப் பேச்சே வேண்டாம். மாதம் 3.5 சதவீதம் வட்டி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்தால், ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கு ஒரே மாதத்தில் 4,130 ரூபாய். அந்த ஒரு லட்சத்துக்குக் கிடைத்த பாயின்ட் நல்ல கார்டில்கூட ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் பெறும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டியில்லாக் காலமும் பறிபோய், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

இதே 4,130 ரூபாய் இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை மாற்றுவதற்கான கூடுதல் கட்டணம், போடுகின்றன. அதற்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கோலாலம்பூரில் ஒரு லட்ச ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் அங்கேயும் 4,130 ரூபாய் போகிறது. மார்க்அப் இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள கார்டு ஒன்றைப் பயணத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். கடையில் இயந்திரம் உள்ளூர்ப் பணமா, இந்திய ரூபாயா என்று கேட்கும். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அதன்மேல் நம் வங்கியின் கட்டணம் என்று இரண்டு பக்கமும் இழப்பு. எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ வழியாகவே கடைகளில் பணம் செலுத்தும் வசதி வந்திருக்கிறது. யாழ்ப்பாணமோ கொழும்போ போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் நான் கைவிடாத பழக்கம் ஒன்று உண்டு. நான்கு பேருக்கான டிக்கெட்டைத் தேடும் முன் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்ப்பேன். ஒரே வகுப்பு இருக்கைகளையே விமான நிறுவனங்கள் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கும். மலிவான படியில் இரண்டு இருக்கை மட்டுமே மிச்சமிருக்கும்போது நான்கு பேருக்குக் கேட்டால், நான்கும் கிடைக்கிற மேல்படியின் விலையை நால்வருக்கும் போட்டுவிடும். இரண்டு இரண்டாக வாங்கினால் முதல் இரண்டு டிக்கெட் மலிவு. குழந்தையோடு போகிறவர்கள் ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பதன் வசதியையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தேதி நெகிழ்வாக இருந்தால் கூகுள் ஃபிளைட்ஸின் நாட்காட்டியும் விலை அறிவிப்பும் போதும். டெல்டா மாவட்டங்களில் இருப்பவர்கள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் சென்னை விலையை மட்டும் பார்க்காமல் திருச்சி விலையையும் பார்க்க வேண்டும். சென்னைவரை போகும் பஸ், தங்கும் செலவு, ஒரு நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் திருச்சியே பல நேரம் ஜெயிக்கும்.

பெரும்பாலானோர் கேட்டு வாங்காமல் விடும் பணம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பணம் திரும்பாது என்று எழுதிய மலிவு டிக்கெட்டை ரத்து செய்தாலும், விமானத்துக்குப் போகவே இல்லையென்றாலும், அதிலுள்ள அரசு வரியையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது. பயணம் கைவிட்டுப் போனால் மனம் சோர்ந்து அப்படியே விட்டுவிடுகிறோம். இணையதளத்தில் ரத்து என்று அழுத்துங்கள். நான்கு பேர் டிக்கெட் என்றால் சில ஆயிரம் ரூபாய் திரும்பக்கூடும்.

கடைசியாக, தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். கே. முருகன் என்பவர் பாஸ்போர்ட்டில் முருகன் கந்தசாமி ஆகியிருப்பார், ஆதாரில் முருகன் கே என்று இருப்பார், மைல் கணக்கைத் தொடங்கும்போது முன்னெழுத்தையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார். டிக்கெட்டிலுள்ள பெயரும் கணக்கிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது. ஏறவில்லை என்பதும் பல மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். அப்போது ஒரு நிறுவனம் பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும், இன்னொன்று வேறு ஏதாவது சொல்லும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது நம்மவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும்.

ஆகவே கணக்கு தொடங்கும் அன்றே பாஸ்போர்ட்டை மேசையில் விரித்து வைத்து, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பழைய கணக்கு என்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், கொடுத்தால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். மைல் ஏறாத பயணத்துக்குச் சில மாதங்கள்வரை கோரிக்கை வைக்க அவகாசம் உண்டு, அதற்கு டிக்கெட் எண் வேண்டும். போர்டிங் பாஸை மைல் கணக்கில் ஏறும்வரை கிழிக்காதீர்கள். உறவினர் பட்டியலில் அம்மா, அப்பா, அக்கா, தங்கை பெயர்களையும் இப்போதே, அவரவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். துக்கச் செய்தி வந்த வேளையில் எவரிடமும் பெயரின் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.